பூரணத்தின் புறவாசலில் நின்ற எருமை

மஞ்சணத்திக்குளத்தில், கனவில் வந்த விலங்குகள் விடிந்த பிறகும் போகாமல் தங்கத் தொடங்கியது பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை என்று மேலத்தெருவாரும், இல்லை, மறுநாள் புதன்கிழமை என்று கீழத்தெருவாரும் சொல்கிறார்கள். முதலில் தங்கியது தலைமையாசிரியர் அருணாசலவடிவின் குதிரை என்பதில் இரு தெருவுக்கும் வேறுபாடு இல்லை, குதிரை வெள்ளையா சாம்பலா என்பதில்தான் உண்டு. ஆசிரியர் அதை அஞ்சலகத்தின் வாசலில் நிற்கக் கண்டார், விழித்தார், பல் துலக்கினார், செய்தித்தாள் வாங்கப் போனார். போன வழியில் அது அஞ்சலகத்தின் வாசலில், கனவில் நின்ற அதே இடத்தில், கனவில் காட்டிய அதே முகத்தோடு, கனவிலிருந்து கூடவே வந்துவிட்ட ஒரு முழம் கடற்கரை மணலின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த ஊரிலிருந்து கடல் நாற்பது மைல். ஊர் கூடி மணலை அள்ளிப் பார்த்து, திருச்செந்தூர் மணல்தான் என்று உறுதிசெய்துகொண்டு, குதிரையைச் சுற்றி நடந்துபோய் அஞ்சல் அட்டை வாங்கியது. வியப்பதற்கு அங்கே எவருக்கும் நேரமில்லை. பலன் கேட்க எல்லாருக்கும் இருந்தது.

பிறகு வந்தவை பல. மளிகைக்கடைக்காரர் மனைவியின் மயில் பொதுக்கிணற்றடியிலும், மின்வாரிய ஊழியரின் நரி மின்மாற்றியின் நிழலிலும், ஊர்க்காவலரின் முதலை, நியாயமாக, குளத்திலும் தங்கின. ஒவ்வொன்றும் கனவின் இடத்திலிருந்து ஏதேனும் ஒரு பொருளைக் கூடக் கொண்டுவந்தது. அந்தப் பொருளை எவரும் தொடலாம். விலங்கையோ, கனவு கண்டவர் மட்டுமே தொட முடியும். மற்றவர் கைவைத்தால் புகையில் விட்டது போலக் கை மறுபக்கம் வந்துவிடும். கண்ட இடத்தை விட்டு ஒரு வீட்டு நீளத்துக்கு மேல் எதுவும் நகர்வதில்லை. தின்பதில் மட்டும் எதுவும் குறைவைப்பதில்லை. ஊராட்சி மன்றம் கூடி, கனவு விலங்குக்குக் கண்டவரே தீனி போட வேண்டும் என்றும், பொது இடத்தில் காண விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெற்ற பிறகே காண வேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேற்றியது. அன்றிரவே மன்றத் தலைவர் அனுமதியின்றி ஓர் ஒட்டகத்தைக் கண்டார்.

பலன் சொன்னவர் குற்றாலிங்கம். நியாயவிலைக் கடையில் முப்பது ஆண்டு எடை போட்டு ஓய்வு பெற்றவர். அட்டை போன ஒரு கனவுப் பலன் நூலை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். விலங்கு பாதி, அது நிற்கும் இடம் பாதி என்பது அவர் கொள்கை. வாசற்படியில் பாம்பு என்றால் கல்யாணம், அதே பாம்பு கட்டிலுக்கு அடியில் என்றால் வழக்கு. தண்ணீரில் மீன் என்றால் பிள்ளைப்பேறு, ஓட்டின் மேல் மீன் என்றால் இடமாற்ற உத்தரவு. அரிசிக்கு எடை போட்டபோது ஆளைப் பார்த்துத் தராசில் விரல் வைத்த பழக்கம் பலனுக்கும் தொடர்ந்தது என்று கீழத்தெருவார் சொல்கிறார்கள். மேலத்தெருவார் அப்படிச் சொல்வதில்லை; அவர்களுக்கு எடை எப்போதும் சரியாகவே இருந்திருக்கிறது. குதிரைக்குப் பதவி உயர்வு என்று அவர் சொன்னார். ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்த தலைமையாசிரியர் அன்று முதல் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு உடுத்திக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தார்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பூரணத்தின் புறவாசலில் எருமை நின்றது.

பூரணம் ஐம்பத்தொரு வயதுத் தையற்காரி. தனியாக வாழ்ந்தவள். அவள் புறவாசலுக்கும் அம்மன் கோயிலின் வடக்கு மதிலுக்கும் நடுவே ஒரு முருங்கை மரமும் கொஞ்சம் வெறும் நிலமும் இருந்தன, இரண்டும் அவளுடையவை. அன்று காலை புறவாசல் கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. முன்வாசல் வழியாகச் சுற்றி வந்தாள். கதவின் வெளிப்பக்கத்தில், அவள் வீட்டில் ஒருபோதும் இருந்திராத ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு இரண்டடி தள்ளி, மடி கனத்து, ஓர் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவளோ முந்தைய இரவு கனவே காணவில்லை. அம்மன் கொடைத் திருவிழாவுக்காகத் தைத்துக்கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகளில் சிலவற்றுக்குக் கொக்கி வைத்து முடித்து, கை ஓய்ந்து, கட்டை போலத் தூங்கியவள்; கண்டு மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். நின்றது வாயில்லாச் சீவன் என்று, அரிசி கழுவிய கழுநீரை ஒரு சட்டியில் அதன் முன் வைத்தாள். பாதியை அது குடித்தது, பாதியைக் காலால் தட்டிவிட்டது.

குற்றாலிங்கம் வேலிக்கு அப்பால், தமக்கு உகந்த தொலைவில் நின்று பார்த்தார்.

"எருமை எமனோட வாகனம்லா. நிக்கதோ தெக்க பாத்து. கதவுல பூட்டு வேற. விடியக்காலக் கனவு பத்து நாளைக்குள்ள பலிச்சிரும். இந்த வீட்டுல ஒரு சாவு உண்டு."

"இந்த வீட்டுல நான் ஒருத்திதான இருக்கேன்" என்றாள் பூரணம்.

"அதத்தான சொல்லுதேன்."

அவர் போன சுவடு மறைவதற்குள் பக்கத்துவீட்டு மாரித்தங்கம் வந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, நம்ம ஜாக்கெட் பிட்டு ரெண்டு கெடக்குல்லா, வெட்டிட்டியளா?"

"இன்னும் வெட்டல."

"நல்லதாப் போச்சு, குடுத்துருங்க. தப்பா நெனைக்காதிய. நீங்க பாட்டுக்குப் போயிட்டியன்னா பொறவு நான் யாருட்டப் போயி கேக்க?"

பூரணம் எடுத்துக் கொடுத்தாள். மாரித்தங்கம் போகாமல் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத யாருக்காவது சொல்லி வச்சிருக்கியளா, அக்கா?"

"உனக்கு வேணுமா?"

"ஐயே, அதுக்குக் கேக்கல. ஆளில்லாம நிக்கப் போவுதேன்னு ஒரு விசாரத்துல..."

"பெல்ட்டு தேஞ்சி கெடக்கு. இப்பமே ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போ. இருக்க பத்து நாளும் நானும் நல்ல பெல்ட்டுல தைச்சிட்டுப் போறேன்."

மாரித்தங்கம் வெட்கப்பட்டு ஓடிவிட்டாள் என்பது மேலத்தெரு வடிவம். மாலையில் பெல்ட்டோடு வந்தாள் என்பது கீழத்தெரு வடிவம். மறுநாள் மெஷினில் புதுப் பெல்ட் இருந்தது என்பதில் ஐயமில்லை.

சனிக்கிழமைக்குள் பூரணம் ஊர்வழக்கில் இறந்தவளாகிவிட்டாள். அவளைப் பற்றி 'இருந்தா', 'தைச்சா' என்று பேசத் தொடங்கினார்கள். எதிரில் வந்தால் தலையைக் குனிந்து, அவள் கடந்துபோன பிறகு நல்லவள் என்றார்கள். ஐம்பது வருடத்தில் சேராத நற்பெயர் அவளுக்கு ஒன்றரை நாளில் சேர்ந்தது. பந்தல்காரர் வந்து முற்றத்தை அளந்தார். கொடைக்குப் போடுகிற பந்தலையே இதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரே வேலையாகப் போய்விடும் என்று அவளிடமே யோசனை கேட்டார். எருமையோ இரவும் பகலும் கத்தியது. ஊர் அதை எமனின் அழைப்பு என்று கேட்டது, கதவைச் சாத்திக்கொண்டது. மூன்று நாளாகக் கறக்காத மடி அப்படித்தான் கத்தும் என்பதை, வீட்டுக்கு வீடு மாடு வைத்திருந்த அந்த ஊரில், ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை; பலன் சொல்லப்பட்ட மாட்டுக்கு மடி உண்டு என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

ஊரின் கவலை அவள் சாவது பற்றியதன்று, தேதி பற்றியது. செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் கால்நாட்டு. பந்தலின் முதற்காலை நட்டுத் தர்மகர்த்தா காப்புக் கட்டிக்கொண்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை கொடை முடியும்வரை ஊரெல்லைக்குள் சாவு விழக்கூடாது, விழுந்தால் கொடை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். எருமையின் பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு செவ்வாய்க்கும் நடுவில்.

ஆகவே ஞாயிறு மாலை தர்மகர்த்தா ஆவுடையப்பன் விழாக்குழுவோடு வந்தார். அறுபது வயது, வெள்ளை வேட்டி, யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

"பூரணம், மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத. ஊருன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நான் என்ன செய்யணும்?"

"நாளைக்குத் திங்கக்கெழமைக்குள்ள முடிஞ்சிட்டுன்னா ஊருக்கு ஒரு தடையும் இல்ல. ஆகவேண்டியது எல்லாத்தையும் கோயிலே பாத்துக்கிடும்."

"நாளைக்குத் தோதுப்படாதே அண்ணாச்சி. வாத்தியார் வீட்டுக்கு நாலு ஜாக்கெட் குடுக்கேன்னு சொல்லியிருக்கேன்."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார்.

"அப்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிரு. சங்கரன்கோயில்ல உங்க அக்கா இருக்காள்லா? கொடை முடிஞ்சதும் நீ..." 'வந்துவிடலாம்' என்று சொல்ல வந்தவர், வருவதற்கு ஆள் இருக்காது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "வீட்டுச் சாவிய மட்டும் கோயில்ல குடுத்துட்டுப் போ. இடத்தை ஊரு பாத்துக்கிடும்."

"போகலைன்னா?"

"செவ்வாக்கெழம காலையில வேன் வரும். ஊரே சேந்து மரியாதையா ஏத்தி விடும்."

போனால் திரும்பி வருவது எளிதாக இராது என்பது பூரணத்துக்குத் தெரியும். பதினோராம் நாள் உயிரோடு வந்து நின்று, தான் சாகவில்லை என்று தர்மகர்த்தாவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும். விண்ணப்பத்தைக் குழு பரிசீலிக்கும். பரிசீலிப்பதற்குள் வீட்டில் கோயிலின் பூட்டு தொங்கும். கொடைக்குத் தைக்கக் கிடந்த முப்பத்தேழு ஜாக்கெட்டில் இருபத்தொன்றை, மாரித்தங்கத்தைப் போலவே வந்து, உரியவர்கள் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் பதினாறையும் தைத்தபடியே யோசித்தாள்.

திங்கட்கிழமை எருமையின் கத்தல் தாங்காமல், ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மடிக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விரல்கள் காம்பைப் பிடித்தன, பிடித்தது காற்று. மீண்டும் பிடித்தாள், மீண்டும் காற்று. எருமை திரும்பி அவளைப் பார்த்தது, இதுகூடவா தெரியாது என்பது போல. அப்போதுதான், ஊரில் எவருக்கும் நான்கு நாளாகத் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது: தொட முடியவில்லை என்றால் இது தன் எருமை அன்று. இதைக் கண்டவர் ஒருவர் இருக்கிறார், கண்டதைச் சொல்லாமல் இருக்கிறார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பன்னிரண்டாவது ஜாக்கெட்டை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்தது, ஊரும் வந்தது. பூரணம் முன்வாசலில் நிற்கவில்லை. புறவாசலில், முருங்கைக்கு அடியில், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். ஊர் சுற்றிக்கொண்டு அங்கே போயிற்று. ஆவுடையப்பன் காப்புக் கட்டுவதற்கான புது வேட்டியில் இருந்தார். அவர் மனைவி சண்முகக்கனி பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்றாள்.

"ஏறிரு பூரணம், நேரமாவுது" என்றார் ஆவுடையப்பன்.

"ஏறுதேன். அதுக்கு முன்ன குற்றாலிங்கம் அண்ணாச்சிட்ட ஒரு சந்தேகம். வாத்தியார் குதிரை எங்கன நின்னுது?"

"போஸ்டாபீஸ் வாசல்ல" என்றார் குற்றாலிங்கம்.

"பலன் யாருக்குச் சொன்னிய?"

"வாத்தியாருக்கு."

"ஏன், போஸ்ட் மாஸ்டருக்குச் சொல்லல? வாசல் அவருதுல்லா?"

கூட்டத்தில் நின்ற அஞ்சலக அதிகாரி, இந்தக் கோணத்தில் தாம் சிந்திக்கத் தவறிவிட்டோமே என்பது போல நிமிர்ந்தார்.

"கனவு கண்டவருக்குத்தான் பலன். அது ஒலகத்துக்கே தெரிஞ்சதுதான" என்றார் குற்றாலிங்கம், சிறிது கோபத்தோடு.

"அப்பம் என் வீட்டுல நின்ன எருமைக்கு மட்டும் எனக்கு எப்படிச் சாவு வந்துச்சு?"

உண்மையில் நிகழ்ந்தது மிக எளிமையானது: கண்டவர் முன்வராததால், உரியவர் இல்லாத கடிதத்தைப் பக்கத்து வீட்டில் போட்டுப் போகும் தபால்காரரைப் போல, ஊர் அந்தச் சாவை எருமை நின்ற வீட்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

"நான் தொட்டா காத்துதான் வருது. பாருங்க." பூரணம் கையை நீட்டினாள்; எருமையின் வயிற்றில் புகுந்து மறுபக்கம் வந்தது. "இனி ஒவ்வொருத்தரா வந்து தொடுங்க. கண்டவரு தெரிஞ்சதும், அவரே வேன்ல ஏறட்டும்."

வேன் பக்கம் நின்றவர்கள் முதலில் வந்தார்கள். கொடையை விட வேடிக்கை அவர்களுக்கு முக்கியம். கைகள் புகுந்தன, வெளிவந்தன. விழாக்குழுவினர் வந்தார்கள், மாரித்தங்கம் வந்தாள், தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். காற்று, காற்று, காற்று.

"தர்மகர்த்தா தொடலையே" என்றது ஒரு குரல்.

"காப்புக் கட்டப்போற கை. எருமையைத் தொடக்கூடாது" என்றார் ஆவுடையப்பன்.

அவர் தொடத் தேவை ஏற்படவில்லை. ஐந்து நாள் மடிக்கனத்தோடு நின்ற எருமை, கூட்டத்தின் இத்தனை உடல்களையும் புகை போலக் கடந்து நேராக அவரிடம் வந்தது, தலையை அவர் மார்பில் வைத்து முட்டித் தேய்த்தது. மார்பு இருந்தது, தலையும் இருந்தது, தர்மகர்த்தா புது வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்தார். அதன் நாக்கு அவர் முகத்தில் நெற்றி முதல் மோவாய் வரை ஒரு முறை போயிற்று.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், பேசியது சாவைப் பற்றியும் அன்று. கனவு இடத்தையும் சொல்லும் என்பது குழந்தைக்கும் தெரியும்; தர்மகர்த்தாவின் கனவு விடியற்காலையில் பூரணத்தின் புறவாசலுக்கு ஏன் போக வேண்டும்?

"அண்ணாச்சிக்கு இப்படி ஒரு மனசா!" என்றாள் மாரித்தங்கம்.

ஆவுடையப்பன் எழுந்து வேட்டியை உதறினார். மறுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து, குனிந்த தலையில் மீசையை மட்டும் ஒரு முறை தடவி, "மனுசன்னா மனசுல நாலும் இருக்கத்தான் செய்யும்" என்றார். அவமானப்பட்டவரின் குரலாக அது இல்லை.

குற்றாலிங்கம் இதற்குள் குனிந்து எருமையின் காலடியை ஆராய்ந்துவிட்டிருந்தார்.

"இங்கன ஈரமால்லா இருக்கு! ஈரத்துல நிக்க எருமைக்குச் சாவு கெடையாது. பால்பாக்கியம், நீண்ட ஆயுசு. அண்ணாச்சி நூறு வருசம் இருப்பாவ."

"அது வெள்ளிக்கெழம இருந்தே நான் வைக்க கழுநீரு. அன்னைக்கும் ஈரந்தான்" என்றாள் பூரணம்.

"அன்னைக்கிக் கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார் அவர்.

அப்போது சண்முகக்கனி பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். புடைவை முந்தியின் முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தாள்.

"வெள்ளிக்கெழம காலையில இவிய தலகாணிக்கு அடியில கெடந்துச்சு. எந்த வீட்டுச் சாவியோன்னு, அஞ்சு நாளா முந்தியில முடிஞ்சிட்டு அலையுதேன்." கதவிடம் போனாள். பித்தளைப் பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினாள். பூட்டு, எண்ணெய் போட்டது போல, வாய் திறந்தது.

"கேட்டுக்கிடுங்க எல்லாரும். பூரணத்து மேல ஆசைப்பட்ட மனுசன்னா கனவுல அவ இருக்கணும்லா? கதவைத் தொறந்து வச்சிட்டு நிக்கணும்லா? இவிய கனவுல ஆளே இல்ல. வீட்டைப் பூட்டி, சாவியத் தலமாட்டுல வச்சிட்டுத் தூங்கியிருக்காவ. ஆசை பொம்பள மேல இல்ல. மதிலை ஒட்டி மடப்பள்ளி கட்ட இடம் வேணும்னு மூணு வருசமா பொலம்புதாவல்லா, அந்த இடத்து மேல." கணவர் பக்கம் திரும்பினாள். "பொம்பள ஆசைன்னா நாலு நாளு பேசாம இருந்துட்டு விட்டிருப்பேன். இதுக்கு நான் எத்தன நாளு பேசாம இருக்கணும், சொல்லுங்க?"

ஊர் உண்மையிலேயே வருந்தியது. இதை விட முந்தைய விளக்கம் நன்றாக இருந்தது. மேலத்தெருவார் இன்றுவரை சாவியைத் தவிர்த்துவிட்டு, தர்மகர்த்தாவின் காதலாகவே இந்தக் கதையைச் சொல்லிவருகிறார்கள். அதில் பூரணத்துக்கு வயது இருபத்தாறு.

கால்நாட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக நடந்தது. காப்பு வேறொருவர் கையில் கட்டப்பட்டது. எருமை நக்கிய தர்மகர்த்தாவுக்குக் கட்டலாமா என்பதற்கு நூலில் விடை இல்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை யாரும் சாகவில்லை. குற்றாலிங்கம் அதைத் தம் பலன் பலித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார். இருபத்தொரு ஜாக்கெட் பிட்டுகளும் ஒவ்வொன்றாகப் பூரணத்திடம் திரும்பி வந்தன. கொண்டுவந்தவர்கள் அவை திரும்பிப் போயிருந்ததையே மறந்துவிட்டவர்களாக, கழுத்து இறக்கத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். மாரித்தங்கம் பெல்ட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

எருமை இருந்தது. கண்ட இடத்தை விட்டு அது நகராது, கண்டவரைத் தவிர யாரும் அதன் மடியைத் தொட முடியாது, கறக்காவிட்டால் ஊரைத் தூங்க விடாது. ஆகவே ஒவ்வொரு நாளும் விடிந்ததும் ஆவுடையப்பன் சொம்போடு பூரணத்தின் புறவாசலுக்கு வந்தார். சண்முகக்கனி கூடவே வந்து துவைக்கிற கல்லில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறுபது வயதில் கற்றுக்கொண்ட கறவை. பாதி சொம்பிலும் பாதி வேட்டியிலும் விழும். ஊர் ஒரு வாரம் வேலியோரம் நின்று பார்த்தது, பிறகு அதற்கும் பழகியது.

கொடைக்கு மறுநாள் காலையில், கறந்து முடித்து எழுந்தவரிடமிருந்து பூரணம் பாலை வாங்கிக்கொண்டாள். எருமை நின்ற இடத்துக்குப் பாதி, குடித்த கழுநீருக்குப் பாதி என்று முழுதும் அவளுக்கே என்பது சண்முகக்கனி சொன்ன தீர்ப்பு.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அந்தக் கனவுல நான் செத்துப் போயிருந்தேனா, இல்ல ஊரை விட்டுப் போயிருந்தேனா?"

ஆவுடையப்பன் எருமையின் முதுகில் கைவைத்தபடி நின்றார். அந்த ஊரில் அதன் முதுகு இருப்பது அவர் கைக்கு மட்டுந்தான் தெரியும்.

"அத நான் பாக்கல, பூரணம். பூட்டியிருந்துச்சு. அவ்வளவுதான் பாத்தேன்."

பூரணம் தலையசைத்தாள். எருமை தட்டிவிடாதபடி கழுநீர்ச் சட்டியை முருங்கைக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட, பித்தளைப் பூட்டைக் கொக்கியாக மாட்டியிருந்தாள். சாவி அவள் தையல் மெஷினின் இழுப்பறையில் கிடந்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு புறவாசல் கதவைக் காலால் தள்ளினாள். அது அகலத் திறந்தது.

"நாளைக்கும் வெள்ளன வாங்க. வீடு தொறந்துதான் கெடக்கும்."